நான் கேட்காமல் விட்ட நம்பர்

எங்கள் துணை மின் நிலையத்துக்கு இனிமேல் ஆளே தேவையில்லையாம். அடுத்த மாதத்திலிருந்து எங்கேயோ ஓர் ஏசி அறையில் யாரோ உட்கார்ந்து திரையைத் தட்டினால் போதும், கும்மிடிப்பூண்டியில் லைனை நிறுத்தும் எங்கள் பிரேக்கர் விழும். மறுபடி தட்டினால் எழும். பதினான்கு வருஷமாக நான் கையால் செய்த வேலை. "உங்களுக்கும் அங்கியே சீட்டு இருக்குது மேடம். குளுகுளுன்னு உக்காந்துக்கினு பாக்கலாம். இன்னா கொறச்சல்?" என்றார் புதுப் பெட்டிகளைப் பொருத்த வந்த என்ஜினியர். ஒரு குறைச்சலும் இல்லை மகராசா, நீ ஸ்க்ரூவை ஒழுங்காக முடுக்கு என்று சொல்ல வாய்வரை வந்தது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். அடக்கிக்கொண்டேன்.

குறைச்சல் என்னவென்று எனக்குத் தெரியும். என் மேசைமேல் இருக்கும் டெலிபோன் இனி அடிக்காது. பதிமூன்று வருஷமாக அது அடிக்கும்போதெல்லாம் முதல் அரை நொடி ஒருவருடைய குரலைத்தான் எதிர்பார்த்தேன். ஒரு தடவைகூட அவராக இருந்ததில்லை. இருந்தாலும் அடித்துக்கொண்டிருந்தது, எடுத்துக்கொண்டிருந்தேன். இனி அந்த அரை நொடியும் கிடையாது.

நான் கடம்பத்தூர்க்காரி. இந்த வேலைக்குச் சேர்ந்த புதிதில், விடியும் முன் ரயில் பிடித்து, பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டிக்கு ஓடி, தொழிற்பேட்டைக்குப் போகும் ஆண்களின் டிபன் பாக்ஸ்களுக்கு நடுவில் நசுங்கிக்கொண்டே வருவேன். பிறகு இங்கேயே ஒரு சின்ன வீடு வாடகைக்கு எடுத்தேன். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களுக்கு அந்த ரயிலையே காரணம் சொல்லி வைத்திருக்கிறேன். கேட்பவர்களும் நம்புகிறார்கள், பாவம்.

எங்கள் நிலையம் ஒன்றும் பெரிய மாளிகை அல்ல. ஜல்லி பரப்பிய முற்றத்தில் இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்கள் எந்நேரமும் உறுமிக்கொண்டிருக்கும். உள்ளே ஒரு நீள அறை, அதில் வரிசையாக பிரேக்கர் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு லைன் கிளம்பிப் போகும். பேட்டை லைன் இரும்பு உருக்கும் ஆலைகளுக்கு. ஊர் லைன் சுற்றியுள்ள கிராமங்களுக்கு. மணிக்கு ஒரு தடவை எழுந்து, எந்த லைனில் எவ்வளவு ஆம்பியர் ஓடுகிறது என்று மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். ஆறு மாதம் எழுதினால் போதும், ஊர் என்ன செய்கிறது என்று எட்டிப் பார்க்காமலே தெரிந்துவிடும். காலையில் மீட்டர் முள் துள்ளினால் மிக்ஸி, மோட்டார். பேட்டை லைனில் திடீரென்று ஏறினால் உலை பற்றவைத்துவிட்டார்கள். ஊர் லைன் ராத்திரி பத்து மணிக்கும் இறங்கவில்லை என்றால் யார் வீட்டிலோ கல்யாணம், மைக் செட் கட்டியிருக்கிறார்கள்.

இப்போது அந்தக் கணக்கெல்லாம் தலைகீழ். உச்சி வெயிலில் ஊர் லைன் முள் படுத்துக்கொள்கிறது, ஏனென்றால் மாடிக்கு மாடி சோலார் தகடு. வீடுகள் நம்மிடம் வாங்கியது போக நமக்கே திருப்பி அனுப்புகின்றன. ஆலைக்காரர்கள் தெற்கே எங்கேயோ சுற்றும் காற்றாலையிலிருந்து தங்களுக்கென்று கரெண்ட் வாங்கி, நம்முடைய கம்பி வழியாக வரவழைக்கிறார்கள். வீட்டு மீட்டர்கள் தாங்களே ரீடிங் அனுப்பப் போகின்றன. நல்லதுதான், நான் ஒன்றும் பழையதைக் கட்டிக்கொண்டு அழுகிறவள் அல்ல. நான் வேலைக்குச் சேர்ந்தது மின்வெட்டுக் காலம். "எப்ப மேடம் கரெண்டு வரும்?" என்று ஆலைக்காரர்களும், "ஏம்மா, உங்க ஊட்ல மட்டும் ஃபேன் சுத்துதா?" என்று ஊர்க்காரர்களும் என் காதைப் புண்ணாக்கிய காலம். அது திரும்பி வர வேண்டும் என்று யாருக்கு ஆசை? எனக்கு அந்தக் காலத்திலிருந்து ஒரே ஒரு குரல் வேண்டும். மற்றதெல்லாம் போகட்டும்.

எங்கள் வேலையில் எல்.சி. என்று ஒன்று உண்டு, அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். லைன் கிளியர். கம்பத்தில் ஏறி லைனில் கை வைக்கும் முன், வயர்மேன் எங்களுக்கு போன் செய்து அந்த லைனை நிறுத்தித் தரும்படி கேட்பார். நான் பிரேக்கரை விழவைத்து, பூட்டுப் போட்டு, பதிவேட்டில் எழுதி, ஒரு நம்பர் கொடுப்பேன். வேலை முடிந்து, ஆட்கள் எல்லாரும் இறங்கிய பிறகு, கேட்ட அதே ஆள் தன் வாயால் அந்த நம்பரைச் சொல்லித் திருப்பித் தர வேண்டும். அதை நான் கேட்டு வாங்கி, திரும்பச் சொல்லி, அவர் ஆமாம் என்ற பிறகுதான் லைனில் மறுபடி கரெண்ட் விடலாம். இன்னொருவர் அவருக்குப் பதிலாகத் திருப்பித் தர முடியாது. குரல் தெரிந்த ஆள் என்றாலும் நம்பர் கேட்டே ஆக வேண்டும். கம்பத்துமேல் இருப்பவர்களின் உயிர் அந்த ஒரு நம்பரில் இருக்கிறது.

அந்தக் குரலுக்கு உரியவர் பக்கத்து செக்ஷன் ஆபீசில் வயர்மேன். முதல் தடவை பேசியபோது, "மேடம், புதுசா? குரலு புதுசா கீதே" என்றார். "குரல் பழசுதான், ஆள்தான் புதுசு. என்ன லைன் சொல்லுங்க" என்றேன். சிரித்தார். அவ்வளவுதான். அந்தச் சிரிப்பு நாள் முழுக்கக் காதில் கிடந்தது.

எட்டு மாதம் குரலை மட்டுமே கேட்டோம். அவர்கள் ஆபீசிலிருந்து எங்கள் நிலையம் சைக்கிள் மிதிக்கிற தூரம்தான். ஆனாலும் போய்ப் பார்க்க ஒரு வெட்கம், பார்த்தால் என்ன ஆகுமோ என்று ஒரு பயம். எங்கள் வீட்டில் நெல் வயலும் குலதெய்வமும். அவர் பேட்டைக்குப் பின்னால் இருக்கிற காலனிக்காரர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர். என் அண்ணன்களுக்குத் தெரிந்தால் வெட்டரிவாளைத் தேடுவார்கள். அதெல்லாம் தெரிந்தும் போன் அடித்தால் ஓடிப்போய் எடுப்பேன்.

"இன்னாமா, நாஷ்டா ஆச்சா?"

"ஆச்சு. உங்களுக்கு?"

"எங்க? இப்பதான் ஊட்லருந்து வந்துக்கினு இருக்கேன். ஊர் லைனு எல்.சி. குடு. நாலு ஆளு. புளிய மரம் கம்பி மேல சாஞ்சிக்கினு இருக்குது."

இப்படித்தான் எங்கள் காதல். காதல் என்று இருவரும் ஒரு நாளும் சொன்னதில்லை. புளிய மரம், கம்பத்தில் உடைந்த பீங்கான், அறுந்த கம்பி என்று பேசினோம். மழை பெய்தால் எனக்கு உள்ளுக்குள் குஷி, லைன் போகும், அவர் கூப்பிடுவார். ஊரே இருட்டில் பேஜாராகிக் கிடக்கும்போது இங்கே ஒருத்தி சந்தோஷமாக இருந்தாள் என்று தெரிந்தால் அடிக்க வந்திருப்பார்கள்.

நாளாக நாளாக நம்பர் கேட்பதை விட்டேன். அவர் குரல் எனக்குத் தெரியாதா? "எல்.சி. வாங்கிக்கோமா, ஆளு எறங்கியாச்சு" என்பார். "சரிங்க" என்பேன். நம்பரை நானே எழுதிக்கொள்வேன். மற்ற செக்ஷன்காரர்களிடம் மூன்று தடவை நம்பர் கேட்டுக் கறாராக இருப்பேன். அவரிடம் கேட்டால் ஏதோ அந்நிய ஆளிடம் கேட்பது போல இருந்தது. எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அன்று தோன்றவே இல்லை. எனக்கென்று ஒருவர் இருக்கிறார், அவரிடம் நம்பர் எதற்கு என்று பெருமையாகக்கூட இருந்தது.

அந்த நாள் மாதாந்திரப் பராமரிப்பு. ஊர் லைனும் பேட்டை லைனும் ரயில்வே கேட் பக்கம் சாலைக்கு இரு புறமும் போகும். இரண்டிலும் வேலை இருந்ததால் இரண்டுக்கும் அவரே எல்.சி. வாங்கினார். ஊர் லைன் நம்பர் நாலு. பேட்டை லைன் நம்பர் அஞ்சு. காலையிலிருந்து ஆலைக்காரர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் கூப்பிட்டு, "உலையில இரும்பு உறைஞ்சிரும் மேடம், எப்ப விடுவீங்க?" என்று அரித்தெடுத்தார்கள். என் தலை முழுக்கப் பேட்டை லைன்தான். மதியம் நெருங்கும்போது அவர் கூப்பிட்டார்.

"சாய்ங்காலம் வேலை முடிஞ்சி நேரா அங்கதான் வரப் போறேன்" என்றார்.

"எங்க?"

"உன் ஆபீசுக்குத்தான். எட்டு மாசமா காதால பாத்துக்கினு இருக்கேன். ஒரு நாளாவது கண்ணால பாக்க வாணாமா?"

எவ்வளவு நீள வாய் எனக்கு! அன்று ரிசீவர் வயரை விரலில் சுற்றிக்கொண்டு நின்றதுதான் மிச்சம். அவர் சிரித்துவிட்டு, "செரி, எல்.சி. வாங்கிக்கோ. ஆளு எல்லாம் எறங்கிட்டாங்க" என்றார்.

"சரிங்க" என்றேன்.

எந்த லைன் என்று நான் கேட்கவில்லை. எழுந்து போய்ப் பேட்டை லைன் பிரேக்கரைப் போட்டேன். மனசு வேறு எங்கோ, என்ன புடவை கட்டியிருக்கிறேன் என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. போட்ட வேகத்தில் பிரேக்கர் 'டமார்' என்று விழுந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அடுத்த நிமிஷம் போன், அவர் ஆட்களில் ஒருவர்.

"அய்யோ, யாருமா லைனு உட்டது? ஆளு மேல இருக்கான்மா! ஆளு மேல இருக்கான்!"

அவர் திருப்பித் தந்தது ஊர் லைனை. பேட்டை லைன் கம்பத்தில் இன்னும் ஒருவர் இருந்தார். வேலை செய்யும் இடத்தில் லைனை மண்ணோடு சேர்த்து ஒரு கம்பி மாட்டியிருப்பார்கள், எர்த் ராடு. அது இருந்ததால் நான் விட்ட கரெண்ட் மண்ணுக்குப் போய், பிரேக்கர் தானாக விழுந்தது. மேலே இருந்தவர் பிழைத்தார். ஆனால் தீப்பொறி அவர் கையைச் சுட்டது, இரண்டு வாரம் காது கேட்கவில்லை. பெல்ட் கட்டியிருந்ததால் கீழே விழவில்லை. அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள் என்று பிறகு தெரிந்தது.

சாயந்திரம் அவர் சொன்னபடி வந்தார். என்னைப் பார்க்க அல்ல, பதிவேட்டைப் பார்க்க, அதிகாரியோடு. நான் நினைத்திருந்ததைவிட ஒல்லி. முகமெல்லாம் கரி. என்னைக் கண்ணால் பார்க்க வந்தவர் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நம்பர் கேட்டீங்களா?" என்றார் அதிகாரி.

பதிவேட்டில் என் கையெழுத்தில் 'எண் 5 திருப்பி வாங்கப்பட்டது' என்று நேரத்தோடு இருந்தது. பிரேக்கரைப் போடப் போகும் முன் நானே எழுதியது. இல்லை சார், கேட்கவில்லை என்று சொல்ல வேண்டியதுதானே? ஒரு வரி. அந்த ஒரு வரியைச் சொன்னால் வேலை போகும். கடம்பத்தூருக்குத் திரும்பிப் போக வேண்டும், அண்ணன்கள் காட்டுகிற ஆளுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும்.

"கேட்டேன் சார். அஞ்சுன்னார்."

அதிகாரி அவர் பக்கம் திரும்பினார். "இன்னாப்பா, அஞ்சுன்னு சொன்னியா?"

அவர் பதிவேட்டை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "சொல்லியிருப்பேன் சார்" என்றார்.

என்னைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்தேன். எனக்காகப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார் என்று நினைத்தேன். அவரைச் சஸ்பெண்ட் செய்தார்கள். சில மாதங்கள் கழித்துத் திரும்பக் கூப்பிட்டபோது அவர் வரவில்லை, வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். நான் தேடவில்லை. தேடும் யோக்கியதை எனக்கு இல்லை என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த நினைப்பை மட்டும் விடவில்லை. எனக்காக ஒருவர் வேலையையே விட்டார். கல்யாணம் ஆன என் தோழிகளில் எவளுக்காவது புருஷன் அப்படிச் செய்திருப்பானா? தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடும்போது அதைத்தான் தொட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு நான் நம்பர் கேட்காமல் யாரையும் விட்டதில்லை. "நம்பர் அம்மா" என்றுதான் எல்லா செக்ஷனிலும் எனக்குப் பேர். செக்ஷன் ஆபீசர் கூப்பிட்டாலும் நம்பர், என் சம்பளச் சீட்டு எழுதுகிறவர் கூப்பிட்டாலும் நம்பர். இப்போது அதற்கும் வேலை இல்லை. எல்.சி. கேட்பது செல்போன் ஆப்பில். ரகசிய எண் மெசேஜில் வரும், அதைப் போட்டால்தான் லைன் திறக்கும். யாரும் யாரிடமும் பேச வேண்டியதில்லை. அப்படியே பேசினாலும் எல்லாம் பதிவாகிறது. அன்றைக்கு இது இருந்திருந்தால் அந்த மனுஷன் கை சுட்டிருக்காது, நானும் பொய் சொல்லியிருக்க முடியாது. இதைவிடப் பாதுகாப்பு வேறில்லை, எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் மனசு ஒரு "நாஷ்டா ஆச்சா"வுக்கு ஏங்குகிறது. என்ன செய்ய?

போன வாரம் பழைய பதிவேடுகளை மூட்டை கட்டிக் கொடுக்கச் சொன்னார்கள். வாங்கிப் போக வந்தவர் பழைய ஃபோர்மேன், ரிட்டயர் ஆகும் வயசு, அவர்கள் செக்ஷனில் அன்று இருந்தவர். எதையோ கேட்பதுபோல அந்த வயர்மேனைப் பற்றிக் கேட்டேன்.

"அவனா? பள்ளிப்பட்டு பக்கம் கீறாம்மா. சோலார் போடற கம்பெனி வெச்சிக்கினு, நாலு பேருக்கு வேலை குடுத்துக்கினு இருக்கான். நம்பரு வேணுமா?"

நம்பர் வேணுமா என்று என்னிடமே கேட்கிறார். வாங்கிக்கொண்டேன்.

இரண்டு நாள் அந்தக் காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். நேற்று மதியம், ஊர் லைன் முள் வெயிலில் படுத்துக் கிடந்த நேரத்தில், கூப்பிட்டேன். நன்றி சொல்லிவிட வேண்டும், மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும், இந்த அறையைவிட்டுப் போவதற்குள் இந்த ஒரு காரியம் முடிய வேண்டும் என்பதுதான் எண்ணம்.

"அலோ, சொல்லுங்க மேடம்."

அவர்தான். கொஞ்சம் கரகரப்பு கூடியிருந்தது, அவ்வளவுதான். பின்னால் டிரில் மெஷின் சத்தம், யாரோ தெலுங்கில் "நைனா, நைனா" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான்" என்றேன்.

"யாரு மேடம்? ஊட்டுக்கா, பம்புசெட்டுக்கா?"

என் குரல் அவருக்குத் தெரியவில்லை. பதிமூன்று வருஷம் நான் அவர் குரலைக் காதில் வைத்துப் பூட்டியிருந்தேன், அவர் என்னுடையதை வைத்திருக்கவில்லை. சரி, குரலாவது கிடைக்கட்டும் என்று, "வீட்டுக்கு" என்றேன். மாடி எவ்வளவு பெருசு, நிழல் விழுமா, மாசம் எவ்வளவு கரெண்ட் ஆகும் என்று கேட்டார். எல்லாம் தெரிந்த நான் ஒன்றும் தெரியாதவள்போல, மழையில் என்ன ஆகும், குரங்கு வந்தால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது.

பிறகு, "கும்மிடிப்பூண்டி சப்ஸ்டேஷன்லருந்து பேசறேன்" என்று சொல்லிவிட்டேன்.

டிரில் சத்தம் தூரமானது. தனியாக எங்கேயோ நடந்து போகிறார் என்று தெரிந்தது.

"அன்னிக்கு நீங்க என்னைக் காப்பாத்தினீங்க. நம்பரே சொல்லாம, சொல்லியிருப்பேன்னு அதிகாரிகிட்ட..."

"இன்னா சொல்றீங்க?"

"நீங்க நம்பர் சொல்லல. நானும் கேக்கல. நானா அஞ்சுன்னு எழுதினேன். கேட்டேன்னு பொய் சொன்னேன்."

பின்னால் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், "இருடா" என்று அடக்கினார்.

"அப்ப... நான் மாத்தி சொல்லலியா?" என்றார்.

"இல்ல."

"நாலுன்றதுக்கு அஞ்சுன்னு நான் சொல்லலியா?"

"இல்லீங்க. நீங்க ஒண்ணுமே சொல்லல."

"ரெண்டு லைனுன்றதால அன்னிக்கு மட்டும் நம்பர் கேட்டியோன்னு நெனச்சேன், நோட்ல எழுதியிருந்திச்சே. நீ பொய் சொல்லுவன்னு தோணவே இல்ல. நான்தான் ஏதோ ஜாலியில மாத்தி ஒளறிட்டேன்னு..." மூச்சு வாங்கினார். "அதுக்கப்பறம் நான் கம்பத்துல ஏறல. ஒரு உசிர கொல்ல இருந்தேன்னு. இப்பவும் பசங்கள மேல ஏத்திட்டு நாலு தபா கேப்பேன், ஆஃப் பண்ணியா, ஆஃப் பண்ணியான்னு. ராத்திரில எழுந்து கேக்கறேன்னு ஊட்ல சொல்லும்."

என்னைக் காப்பாற்றவில்லை. என்னை நம்பியிருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது. இத்தனை வருஷமாக நான் காதல் என்று வைத்துக்கொண்டிருந்தது, நான் அவர்மேல் ஏற்றிவிட்ட பாரம்.

"என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். அழுகை வந்துவிட்டது. திட்டுவார், திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

அவர் திட்டவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. ரொம்ப மெதுவாக, "இன்னொரு தபா சொல்லுமா" என்றார்.

"நீங்க தப்பா எதுவும் சொல்லல."

"இன்னொரு தபா."

சொன்னேன்.